காலடியில் விழுந்த கேஸ் ஷீட்

காலை ஏழே முக்கால். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை இன்னும் காயவில்லை. ரவுண்ட்ஸ் வரப்போகிறது என்று கூட இருப்பவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார் செக்யூரிட்டி. அப்பாவுக்குக் காது கேட்காது என்பதால் எனக்கு மட்டும் அனுமதி. சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஒன்பது நாள் அப்படி நின்றேன்.

முன்னால் சீஃப் வருவார். அவருக்குப் பின்னால் இரண்டு அசிஸ்டென்ட்கள், பிறகு பி.ஜி. மாணவர்கள், கடைசியில் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள். நிற்கிற வரிசையை வைத்தே யார் எந்த வருடம் என்று சொல்லிவிடலாம். கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிற ஒல்லியான பெண்தான் முதலாம் ஆண்டு. கோட்டுப் பையில் நான்கு பேனா, ரத்தம் எடுக்கும்போது கையில் இறுக்கிக் கட்ட ஒரு பழைய கையுறை, பிரித்துப் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"பொட்டாசியம் எவ்வளவு?"

"ரிப்போர்ட் இன்னும் வரல சார். நேத்து சாயங்காலமே சாம்பிள் அனுப்பிட்டேன்…"

"வரலைன்னா போய் வாங்கிட்டு வரணும். உனக்கெல்லாம் எவன் பி.ஜி. சீட்டு குடுத்தான்?"

கேஸ் ஷீட் பறந்து வந்து அப்பாவின் காலடியில் விழுந்தது. அப்பா சட்டென்று வீங்கிய கால்கள் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார், தன் மேல்தான் ஏதோ தப்பு என்பதுபோல. நாற்பது கட்டில் வார்டு. அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தப் பெண் குனிந்து தாள்களைப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடது கட்டைவிரல் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அதே சீஃப் அடுத்த நிமிடம் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரலை எடுத்த பிறகு குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். வலிக்கிறதா என்று கையாலேயே கேட்டார். அந்த விரலில் அவ்வளவு பக்குவம் இருந்தது. எனக்கு ஆறாதது அதுதான். மென்மை தெரியாத மனிதர் இல்லை அவர்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்தப் பெண் நடைபாதைக் குழாயடிக்குப் போனார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைப் பெரிதாக அச்சிட்ட சுவரொட்டி அங்கே இருக்கிறது. மனம் தாங்காதபோது எந்நேரமும் பேசலாமாம். அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. முகம் கழுவினார், துப்பட்டாவில் துடைத்தார், நேரே லேபுக்குப் போய் ரிப்போர்ட்டோடு வந்தார். மூத்த சிஸ்டர் ஒருவர், "டாக்டரம்மா, டீ ஆறுது" என்று டம்ளரை நகர்த்தி வைத்தார். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு ஏசுறவரும் இதே ஜன்னல்கிட்ட நின்னு அழுதவர்தான். எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

அட்மிஷன் நாள் காலையில் பார்த்த அதே நீலச் சுடிதாரில் மறுநாள் மாலையும் அவரைப் பார்த்திருக்கிறேன். பி.ஜி. டாக்டர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே எழுதி வைத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் என்கிறது. காகிதத்திலேயே 26 மணி நேரம் கூடிவிட்டது. வார்டில் அந்தக் கணக்கும் நிற்கவில்லை.

ஆறாம் நாள் இரவு இரண்டு மணி. அப்பா புரண்டு புரண்டு படுத்தார். அந்தப் பெண் வந்து நாடி பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்து ஹவுஸ் சர்ஜன் பையனிடம் கொடுத்து ஓடச் சொன்னார். ரிப்போர்ட் வந்தது. ஈ.சி.ஜி. தாளை விளக்கடியில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். போனை எடுத்தார். எண்ணைத் தொட்டார், அணைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி அணைத்தார்.

யாருடைய எண் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால்தான் அசிஸ்டென்ட் ஒருவர், "இதுக்கெல்லாமா ராத்திரி என் தூக்கத்தைக் கெடுப்ப?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம். திட்டு வாங்கியது அந்தப் பெண். கழிந்த நிமிடங்கள் அப்பாவினுடையவை.

கடைசியில் வேறு எண்ணைக் கூப்பிட்டார். "அக்கா, தூங்குறீங்களா? பொட்டாசியம் ஆறரை. டி வேவ் உயரமா இருக்கு. பயமா இருக்குக்கா." இரண்டாம் ஆண்டு அக்கா கலைந்த தலையோடு ஓடி வந்தார். இருவருமாகக் கால்சியம் ஊசி போட்டார்கள். ஒருவர் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற, மற்றவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்த பிறகு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "என்னைக் கூப்பிட யோசிக்காத. எத்தனை மணின்னாலும்."

காலையில் அதே அசிஸ்டென்ட். "ஆறரை பொட்டாசியம், என்னை ஏன் கூப்பிடல? மூளை இருக்கா?"

அன்றைக்கு வாய் திறந்திருக்க வேண்டும் நான். ராத்திரி நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அப்பா அந்தக் கட்டிலில்தானே இன்னும் கிடந்தார்? அந்தப் பெண் வாய் திறக்காததற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் இவர்கள்தான்.

"அந்தப் பிள்ளைய எதுக்கு ஏசுதாரு? என்னாலயா?" என்று அப்பா சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

எட்டாம் நாள் இரவு. டியூட்டி மேஜையில் கையை மடித்துத் தலை சாய்த்திருந்தார் அந்தப் பெண். ஹவுஸ் சர்ஜன் பையன் ஒரு ஈ.சி.ஜி. தாளோடு வந்தான். மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றான். எழுப்பலாமா என்று பார்த்தான், திரும்பி நான்கு எட்டு நடந்தான், மறுபடி வந்து நின்றான். தாள் அவன் விரலுக்குள் கசங்கியது.

தலையைத் தூக்காமலே அவர் கையை நீட்டினார்.

"குடு. எந்த பெட்?"