கோலா ரொம்பினில் மயில் மீன் தேடி

கிள்ளானிலிருந்து கோலா ரொம்பினுக்கு நான்கரை மணி நேரப் பயணம். முவாட்சாம் ஷாவைத் தாண்டியதும் இரு பக்கமும் செம்பனைதான். பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால் பகாங்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும் அதுதான் உண்மை. கடலோரம் வந்த பிறகுதான் ஊர் முகம் காட்டுகிறது. ஆற்று முகத்துவாரம், படகுத்துறை, உடாங் காலா உணவகங்கள். அந்த ஆற்று இறாலைத் தின்பதற்காகவே சிங்கப்பூரிலிருந்து கார் எடுத்து வருகிறவர்கள் உண்டு. நாங்கள் போனது மயில் மீனுக்காக.

மலாய்க்காரர்கள் இதை இக்கான் லாயாரான் என்பார்கள். முதுகில் பாய்மரம் போல விரியும் துடுப்பு, ஈட்டி போன்ற மூக்கு. மார்ச் முதல் அக்டோபர் வரை, பருவமழை இல்லாத மாதங்களில், ரொம்பின் கடலில் நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வரும். ரோயல் பகாங் பில்ஃபிஷ் அனைத்துலகப் போட்டி நடப்பதும் இங்கேதான்.

என்னோடு வந்தவர் தாய்மாமா. வயது அறுபத்தெட்டு. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் பிறந்து, பேராக் ஆற்று முகத்துவாரத்தில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர். கழியும் ரீலும் அவருக்குப் பிடிக்காது. “மீனு என்ன செய்யுதுன்னு விரலுக்குத் தெரியணும் மாப்ள. இடையில எதுக்கு இந்த மெஷினு?” என்பார். வலது ஆள்காட்டி விரலில் தங்கூசி அறுத்த தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரியும். போன ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அத்தை அவரைப் படகேற விடவில்லை. இந்தப் பயணத்துக்கு அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. “அவன் புடிக்கட்டும், நீங்க பாருங்க” என்பது நிபந்தனை.

காலை ஏழரைக்குப் படகு கிளம்பியது. முதலில் உஞ்சாம் கட்டியிருக்கும் இடத்துக்குப் போனோம். தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். நிழல் தேடிச் சின்ன மீன்கள் அங்கே கூடும். அப்போலோ முள்களைப் போட்டுச் செலாரும் கெம்போங்கும் உயிரோடு பிடித்துத் தொட்டியில் விட்டார் தெகோங். அதுதான் இரை.

ஓய்வு கிடைத்த நேரத்தில் தெகோங் ஒரு தராசை எடுத்தார். சந்தையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு மாதிரி. நூலின் நுனியை அதில் மாட்டி, கழியை வளைத்து இழுத்து, எத்தனை கிலோவில் ரீல் வழுக்கி நூலை விடுகிறது என்று பார்த்தார். நூல் சுமார் 18 கிலோ தாங்கும். அவர் வைத்தது 5 கிலோ. தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பதுதான் வழக்கம்.

இந்த வழுக்கலைத்தான் டிராக் என்கிறார்கள். ரீலுக்குள் கார்பன் இழைத் தட்டுகளும் உலோகத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். திருகை முறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தும், உராய்வு கூடும். மீன் அந்த உராய்வை மீறி இழுத்தால் நூல் ஓடும், அறுந்துவிடாது. இது வருவதற்கு முன், மீன் ஓடும்போது ரீலின் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் எலும்பைப் பெயர்த்த காலமும் உண்டு. அமெரிக்காவில் கேட்டலினா தீவுக்கு அப்பால் வில்லியம் போஷன் என்பவர் 1913-இல் கழியும் ரீலும் கொண்டு வாள்மீனைப் பிடித்தது, ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்த உள் டிராக் வைத்த ரீலில்தான்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப என் விரல் செய்ற வேலைய இந்தத் தட்டு செய்யுது” என்றார். சரியான விளக்கம். கழிக்கும் அதில் பங்கு உண்டு. பின்னல் நூல் கிட்டத்தட்ட நீளவே நீளாது. பழைய தங்கூசியாவது ரப்பர் மாதிரிக் கொஞ்சம் இழுபடும். அதனால் மீன் தலையை உதறும் திடீர் அதிர்ச்சியைக் கழியின் வளைவுதான் வாங்கிக்கொள்கிறது. மீன் நம் பக்கம் திரும்பி வரும்போது, வளைந்த கழி நிமிர்ந்து தொய்வை எடுத்துவிடுகிறது. நூல் ஒரு நொடி தொய்ந்தால் போதும், முள் கழன்றுவிடும்.

பத்தரை மணிக்குப் பறவைகள் தாழப் பறந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே இரண்டு கருநீலத் துடுப்புகள். செலாரை விட்டோம். சில நொடிகளில் நூல் ஓட ஆரம்பித்தது. வட்ட முள் என்பதால் வெட்டி இழுக்கக் கூடாது. நூல் தானாக இறுகினால் முள் வாயோரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அப்போது கழி யார் கையில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அத்தையின் நிபந்தனை ரொம்பின் ஆற்றோடு போயிருந்தது.

மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் நீந்தும் என்ற பழைய கணக்கு இன்னும் சுற்றி வருகிறது. தசைகளை அளந்த பிற்கால ஆய்வாளர்கள் அதில் பாதியைத் தாண்டுவதே கடினம் என்றார்கள். அந்த வேகமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ரீல் அலறியது. மீன் தண்ணீரை விட்டு முழு உடலோடு எழும்பித் தலையை உதறியது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கழியை மீன் பக்கம் தாழ்த்தச் சொன்னார் தெகோங். காற்றில் உதறும் தலையின் விசை முழுக்க நூலில் இறங்கும். அந்த நொடியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பாதி நூல் போய்விட்டது. மாமாவின் கை தன்னால் திருகுக்குப் போனது. “பாக்சிக், ஜாங்ஙான் கெத்தாட்!” இறுக்காதே என்று கத்திய தெகோங், தாவி வந்து அதைத் தளர்த்தினார். மீன் ஓடுகிறது, இவர் தளர்த்துகிறாரே என்று எனக்குப் பதறியது. கணக்கைப் போட்டால் புரியும். நூல் நிறைந்த உருளையின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இழுவை 5 கிலோ. நூல் ஓடி ஆரம் 2 சென்டிமீட்டராகச் சுருங்கினால், திருகைத் தொடாமலே இழுவை ஏழரை கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் கிடக்கும் நீள நூலின் உராய்வு தனி. கை இறுக்கத் துடிக்கும் நேரம்தான் தளர்த்த வேண்டிய நேரம்.

அதற்காக ரொம்பத் தளர்வாகவும் வைக்க முடியாது. மீன் ஒரு மணி நேரம் போராடிக் களைத்தால், விட்டாலும் பிழைக்காது. ரொம்பின் போட்டிகளில் பிடித்ததை விட்டுவிடுவதுதான் முறை. ஆகவே மீனின் உயிர் அந்தச் சின்னத் திருகில்தான் இருக்கிறது. கழியைத் தூக்கி மீனைக் கொண்டுவந்து, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். நூல் வழுக்கி ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால் நூல் முறுக்கேறுவதுதான் மிச்சம்.

பதினைந்து நிமிடம் ஆனது. மாமாவின் சட்டை முழுக்க வியர்வை. உதடு வெளுத்திருந்தது. நான் கேட்பதா வேண்டாமா என்று தயங்கும்போதே அவர் கழியை நீட்டினார். “புடி மாப்ள. இதுக்கு மேல இழுத்தா அதுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.” அனைத்துலக விதிப்படி இன்னொருவர் கை கழியில் பட்டால் அந்த மீன் கணக்கில் வராது. போட்டிக்கு வந்தவர்கள் அல்லவே நாங்கள்.

இன்னும் பத்து நிமிடத்தில் மீன் படகோரம் வந்தது. முப்பது கிலோ இருக்கும் என்றார் தெகோங். கையுறை போட்டு மூக்கைப் பிடித்து, முள்ளை எடுத்து, படகை மெதுவாக முன்னால் செலுத்தினார். வாய் வழியாகத் தண்ணீர் செவுளுக்குப் போக வேண்டும். படம் எடுக்க மீனைப் படகுக்குள் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்காக ஒரு மீனைக் கொல்வதற்குப் பதில் கறிக்குக் கொண்டுபோகலாம். நாங்கள் தண்ணீரில் வைத்தே எடுத்தோம். மாமா குனிந்து அதன் முதுகைத் தடவினார். இரண்டு மூன்று நிமிடம். மங்கியிருந்த நீலக் கோடுகள் திரும்ப வந்தன. வாலை ஒரு முறை அடித்துவிட்டுக் கீழே போனது.

கரைக்கு வந்ததும் தெகோங் ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவி, டிராக் திருகுகளை முழுக்கத் தளர்த்தி வைத்தார். இறுக்கியே வைத்தால் தட்டுகள் அமுங்கிப்போகுமாம். மாமா ரீலின் விலையை விசாரித்தார். இரண்டு முறை விசாரித்தார்.

உடாங் காலா வருவதற்குள் அத்தையிடமிருந்து அழைப்பு. புடிச்சது யாரு என்ற கேள்வி எனக்கே கேட்டது.

“மாப்ளதான்” என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.