பாகு பதம்

போன தீபாவளிக்கு அம்மா வீடியோ காலில் சொல்லச் சொல்ல, நான் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினேன். "தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருடா. உருட்ட வந்தா இறக்கிடு, இல்லேன்னா முறுகிடும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் முறுகிவிட்டது. அடிபிடித்த பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பகலெல்லாம் ஆய்வகத்தில் நான் போராடுவதும் இதே கறுப்போடுதான்.

நெதர்லாந்தில் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. சர்க்கரையைக் காய்ச்சும்போது எச்எம்எஃப் என்றொரு பொருள் துளியளவு உண்டாகும். வறுத்த காபியிலும் உண்டு. பழச்சர்க்கரையில் அமிலம் சேர்த்து அதை நிறைய எடுத்து, ஆக்ஸிஜனேற்றம் செய்தால் எஃப்டிசிஏ என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். பெட் பாட்டில் செய்ய பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் டெரிப்தாலிக் அமிலத்தின் இடத்தில் இதைப் போடலாம். அப்படி வருவது பெஃப் என்ற பிளாஸ்டிக். உலோகத்தின் மேல் பூசும் ரெசினும் செய்யலாம்.

எஃப்டிசிஏ 1876லேயே தெரிந்த பொருள். ஆலை அளவில் செய்வதுதான் புதுசு. இங்கே டெல்ஃப்சைலில் ஆண்டுக்கு 5,000 டன் தயாரிக்கும் ஆலை 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. ஏன் இத்தனை காலம்? எச்எம்எஃப் காத்திருக்காது. பதம் தப்பினால் ஹியூமின் என்ற கறுப்புக் கசடாகிவிடும். மெத்தனால் சேர்த்து அடக்கி வைப்பது ஒரு வழி. அம்மாவின் "இறக்கிடு"தான் அங்கேயும் பாடம்.

இதையெல்லாம் பத்து வயது மகளிடம் பெருமையாகச் சொன்னேன். பள்ளியில் அப்பாவின் வேலை பற்றி அவள் பேச வேண்டுமாம். கேட்டுவிட்டு, "அப்போ இந்த பாட்டில் கடல்ல விழுந்தா சர்க்கரை மாதிரி கரைஞ்சிடுமா அப்பா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வகுப்பில் கைதட்டுவார்கள். செடியிலிருந்து வந்தது என்றாலே மண்ணோடு போய்விடும் என்றுதான் பெரியவர்களும் நினைக்கிறார்கள், நானும் பல விருந்துகளில் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

"கரையாதும்மா. இதையும் சேகரிச்சு, திரும்ப உருக்கித்தான் பயன்படுத்தணும். பூமியிலேருந்து எண்ணெய் எடுக்கறது குறையும், அவ்வளவுதான்."

"அப்போ பாதிதான் சரியாச்சு, இல்ல?"

"பாதிதான்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் வேறு பாத்திரம் எடுத்து, மறுபடி வெல்லத்தைப் போட்டேன்.