பின்னால் வருபவர்

தில்லியில் ஜூன் மாத இறுதியில் மழைக்காலம் தொடங்கும். ஜூலையில் பள்ளிகள் திறக்கும்போது சாலைப் பள்ளங்களில் எல்லாம் நீர் தேங்கி நிற்கும். யமுனையின் கிழக்குக் கரையில் உள்ள மயூர் விகாரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வருகிறது. விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த தந்தை, மாணவர்களை ஏற்றிச் செல்லும் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருடைய மகளும் அதே வேனில்தான் பள்ளிக்குச் செல்கிறாள். கடைசி இருக்கையின் ஓரமே அவளுக்குப் பிடித்த இடம். அங்கு அமர்ந்து, கடந்து வந்த சாலையைப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே செல்வாள்.

ஒருநாள் காலை, இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வேனுக்குப் பின்னால் இஸ்திரிக்காரர் ஒருவர் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தார். தேய்த்து மடித்த துணிகளை வெள்ளை விரிப்பில் மூட்டையாகக் கட்டி, கைப்பிடியின்மேல் வைத்திருந்தார். வேன் ஒரு பள்ளத்தைக் கடந்தது. பின்சக்கரங்கள் வாரி இறைத்த சேறு அவர் முகத்திலும் மூட்டையிலும் படிந்தது. கண்ணை மூடிக்கொண்ட அவருடைய வண்டி தடுமாறியது. அவர் காலை ஊன்றி, விழாமல் நின்றார். தந்தையின் பார்வை முன்னே இருந்தது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மாலையில் மகள் கேட்டாள்: "அப்பா, காலையில் ஒருவர் மீது சேற்றை அடித்துவிட்டோம். உங்களுக்குத் தெரியுமா?"

அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தந்தை நெடுநேரம் பேசவில்லை. சக்கரங்களுக்குப் பின்னே தொங்க வேண்டிய ரப்பர்த் தகடுகள் அறுந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஓட்டுநர்கள் அவற்றை 'மட்ஃபிளாப்' என்பர். நாம் சேற்றுமடல் எனலாம். அவை இல்லாமலும் வண்டி ஓடியது. அதனால் அவர் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் வேப்பமரத்தடியில் கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றார் தந்தை. மன்னிப்புக் கேட்டுப் பணம் நீட்டினார். அத்தனை துணிகளையும் மீண்டும் துவைத்துத் தேய்த்ததில் அவருக்கு ஒருநாள் உழைப்பு வீணாகியிருந்தது. பெரியவர் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, "மழைக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, தம்பி" என்று இந்தியில் கூறினார். அவர் குரலில் கோபம் இல்லை. எனினும் அந்தச் சொல் தந்தையின் நெஞ்சில் தைத்தது.

இரண்டாம் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. தந்தையும் மகளும் காஷ்மீரி கேட்டுக்குச் சென்றனர். ஷாஜகான் எழுப்பிய நகரத்தின் வடக்கு வாயிலான அவ்விடம், இன்று வண்டி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை. கடைக்காரர் முதலில் பளபளப்பான பிளாஸ்டிக் மடல்களை எடுத்து வைத்தார். அவை பார்க்க அழகாக இருந்தன. ஆனால் நடைபாதை விளிம்பில் இடித்தால் உடைந்துவிடும் என்று தந்தை மறுத்தார். அடுத்து வந்த மெல்லிய ரப்பரை மடித்துப் பார்த்தார். மடிப்பில் கோடு கோடாக விரிசல் தெரிந்தது. மூன்றாவது கனமான கறுப்பு ரப்பர். மடித்துவிட்டதும் பழைய நிலைக்கே திரும்பியது. எடை மிகுந்ததால் வேகத்தில் காற்றுக்கு மேலெழும்பாது; டயரின் அகலத்தைவிடச் சற்று அகலமாகவும் இருந்தது. விலை கூடுதல். தந்தை ஒருகணம் தயங்கினார். பிறகு அதையே வாங்கினார்.

வீடு திரும்பும் வழியில் மகள், "சேறு ஏன் பின்பக்கம் பறக்கிறது?" என்று கேட்டாள். டயரின் பள்ளங்களில் ஒட்டும் நீர், சக்கரம் சுழலும்போது அதன் விளிம்பிலிருந்து தொடுகோட்டுத் திசையில் விடுபட்டுப் பாய்கிறது. அதன் வழியில் மடல் தொங்கினால், நீர் அதில் மோதிக் கீழே வடிகிறது. தந்தை இதனைத் தம் சொற்களில் விளக்கினார்.

மாலையில் வேலை தொடங்கியது. பழைய மடல்கள் அறுந்த காரணம் தந்தைக்குத் தெரியும். அவை மிக நீளமாக இருந்தன. வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது நடைபாதை விளிம்புக்கும் டயருக்கும் இடையே சிக்கிப் பிய்ந்தன. ஆகவே இம்முறை தரைக்கும் மடலுக்கும் இடையே அரைச்சாண் இடைவெளி விட்டு அளந்தார். உடனே மகள், "வேன் இப்போது காலியாக இருக்கிறதே, அப்பா!" என்றாள். தெருவில் விளையாடிய சிறுவர்களை அழைத்து உள்ளே அமர வைத்தாள். வேனின் பின்புறம் தாழ்ந்தது. மடல் தரையை நெருங்கிவிட்டது. தந்தை சிரித்தபடி அளவை மாற்றிக் குறித்து, மிகுதியை வெட்டினார். துளையிட்ட இடத்தில் துரு ஏறாதிருக்க வண்ணம் பூசினார். போல்ட்டின் தலை ரப்பரைக் கிழிக்காதவாறு அகன்ற வாஷர் வைத்து முடுக்கினார்.

திருகுகளை எடுத்துக் கொடுத்த மகளிடம் தந்தை தம் தந்தையின் மிதிவண்டியைப் பற்றிக் கூறினார். அதன் முன்சக்கர மட்கார்டின் நுனியிலும் ஒரு ரப்பர்த் துண்டு தொங்கும். ஓட்டுபவரின் கால்களில் சேறு படாமல் அது காக்கும். "அது தனக்காக மாட்டுவது. அறுந்தால் மறுநாளே மாற்றிவிடுவார் தாத்தா. வேனின் பின்மடல் பிறருக்காக மாட்டுவது. அதனால்தான் ஓராண்டாக எனக்கு நினைவே வரவில்லை" என்றார்.

மடல்கள் எல்லாச் சேற்றையும் தடுத்துவிடுவதில்லை. பள்ளத்தில் வேகமாக இறங்கினால், பக்கவாட்டில் நீர் தெறிக்கவே செய்யும். ஆதலால் தந்தை இப்போது நீர் தேங்கிய இடங்களில் வேகத்தைக் குறைத்துச் செல்கிறார். நடைமுன்னாடியில் முன்னைவிட அடிக்கடி பின்னால் பார்க்கிறார்.

ஆகஸ்டில் ஒருநாள் மீண்டும் மழை பெய்து ஓய்ந்தது. பின்னால் மிதிவண்டி மணியோசை கேட்டது.

"யாரம்மா வருகிறார்?" என்று கேட்டார் தந்தை.

மகள் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். கைப்பிடியின்மேல் இருந்த மூட்டை வெள்ளையாகவே இருந்தது.

"அந்தத் தாத்தாதான், அப்பா" என்றாள்.

சிந்தித்து எழுதுக

1. "மழைக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே" என்று பெரியவர் கூறியதன் கருத்து யாது?
2. சிறுவர்களை வேனில் அமர வைத்து அளந்ததன் காரணத்தை விளக்குக.
3. உங்கள் வீட்டில் பிறருடைய நலனுக்காக மட்டும் செய்யப்படும் ஒரு செயலைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.