ரிச்சி தெருவில் சூடு வாங்கப் போனவர்

காலை 11 மணிக்கு மேல் ரிச்சி தெருவில் யாராலும் நேர்க்கோட்டில் நடக்க முடியாது. அட்டைப்பெட்டி சுமந்து வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கினால் பைக் இடிக்கும். பைக்குக்கு ஒதுங்கினால், "என்ன சார் வேணும், லேப்டாப் சர்வீஸா, கேமராவா?" என்று கடைப் பையன் மறிப்பார். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பிய அந்த இளைஞர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவருடைய சட்டைப் பையில் செத்துப்போன வால்யூம் கண்ட்ரோல் ஒன்று இருந்தது.

பெரம்பூரில் வீட்டு முன்னறையில் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்ப்பவர் அவர். அந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு வேலை உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு சேர்ந்தே கிட்டாரும் அங்கே குடியேறிவிட்டது. இப்போது சர்ச் பாடகர் குழு, மெல்லிசைக் குழு, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வருகிறார்கள். போன வாரம் வந்தது ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் பழைய எலெக்ட்ரிக் கிட்டார். 'கர்ர்' என்று இரைச்சல். எர்த் வயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் கண்ட்ரோல் செத்தது. எர்த் வயரைக் கண்ட்ரோலின் முதுகில், அந்த உலோக மூடியின் மேல் ஒட்ட வேண்டும். கையிலிருந்தது 25 வாட் அயன். வைத்தார், ஈயம் உருகவில்லை. அழுத்தினார். ஒரு நிமிடம் போல ஆனது. ஈயம் கட்டிதட்டி நின்றது. வயரின் பிளாஸ்டிக் உறை சுருங்கியது. உள்ளே கார்பன் பட்டை வெந்துபோனது. கண்ட்ரோல் புதிதாக வாங்கிவிடலாம். அடுத்து கை வைக்க வேண்டியதோ பிக்அப்பில். அதன் காயில் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. அதே மாதிரி அங்கேயும் ஒரு நிமிடம் சூடு காட்டினால், அந்தப் பெரியவரின் 40 வருடச் சத்தம் போய்விடும். பணம் கொடுத்தாலும் அதே சத்தம் திரும்பி வராது.

அதனால்தான் சால்டரிங் ஸ்டேஷன் வாங்க வந்திருக்கிறார்.

ரிச்சி தெரு என்று பொதுவாகச் சொன்னாலும் நரசிங்கபுரம் தெருவும் பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர்போன மீரான் சாகிப் தெருவும் அருகில்தான். ரேடியோ பாகங்களில் ஆரம்பித்து டிவி, கம்ப்யூட்டர், மொபைல் என்று காலத்துக்கு ஏற்பச் சட்டை மாற்றிக்கொண்ட இடம். தில்லி நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இங்கிருந்து நடக்கிற தூரத்தில் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 1842-இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய வாத்தியக் கடை அது. வாத்தியம் அங்கே, அதைச் சரிசெய்யும் சாமான் இங்கே. கிட்டார் மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான ஊர் அமைவது கஷ்டம்.

படியேறிப் போக வேண்டிய சின்னக் கடை. கல்லாவில் நரைத்த தாடியோடு கடைக்காரர்.

"பாய், ஸ்டேஷன் ஒண்ணு வேணும். 60 வாட்டா, 100 வாட்டா, எது நல்லது?"

"வாட்டை அப்புறம் பாக்கலாம் தம்பி. எதுல ஈயம் வைக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

சரியான கேள்வி. மொபைல் ரிப்பேர்காரருக்கு எல்லாமே சின்ன வேலை. கிட்டார், ஆம்ப் பார்ப்பவருக்கு ஒரே மேஜையில் இரண்டு நேரெதிர் வேலைகள். பிக்அப் கம்பிக்கும் சர்க்யூட் போர்டுக்கும் தொட்டதும் எடுக்கிற சூடு போதும். அதிகம் வைத்தால் போர்டிலிருந்து செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். கண்ட்ரோலின் முதுகும் பழைய வால்வ் ஆம்ப்பின் இரும்புச் சட்டமும் வைக்கிற சூட்டையெல்லாம் குடிக்கும். சட்டத்தில் நேரடியாக எர்த் ஒட்ட வேண்டுமென்றால் ஸ்டேஷனே திணறும். அதற்குத் தனியாக 100 வாட்டுக்கு மேல் ஒரு முரட்டு அயன் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

60-க்கு 40 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 190-க்குள் முழுதாக உருகிவிடும். அயனை 350 டிகிரியில் வைத்தால் தாராளம். ஆனால் பெரிய உலோகத்தைத் தொட்டதும் பிட்டின் சூடு சரேலென்று இறங்குகிறது. இறங்கியது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில்தான் ஸ்டேஷனின் தரம் தெரியும். சீக்கிரம் ஏறினால் மூன்று நொடியில் வேலை முடிந்து கை விலகிவிடும், சூடு உள்ளே இறங்காது. ஏறாவிட்டால் பெரம்பூரில் நடந்ததுதான் நடக்கும். சூடு குறைவான அயன்தான் சாமானை அதிகம் எரிக்கிறது!

பாய் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, ஜப்பானின் ஹாக்கோ நிறுவனம் பிரபலமாக்கிய 936 மாடலின் சீன நகல். ஒரிஜினல் நின்றுபோனாலும் நகல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. இன்னொன்று டி12 வகை. 936-இல் ஹீட்டர் கம்பியின் மேல் பிட்டைத் தொப்பி மாதிரி மாட்டுகிறார்கள். நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில் சூடு தயங்கும். டி12-இல் ஹீட்டரும் சூட்டை அளக்கும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால் மீட்பு வேகம். ஆனால் அதன் பிட் ஒன்றின் விலையில் 936-க்குப் பல பிட்டுகள் வாங்கிவிடலாம்.

கண்ணாடி அலமாரியில் ஓர் ஓரமாகப் பழைய வெல்லர் ஸ்டேஷன் ஒன்றும் இருந்தது. விற்பனைக்கு இல்லையாம். அதில் சூட்டைத் திருகி வைக்கும் குமிழே கிடையாது. பிட்டின் அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டு. குறிப்பிட்ட சூடு வந்ததும் அது காந்தத்தால் இழுபடும் தன்மையை இழந்துவிடும். அப்போது காந்தம் விலகி ஸ்விட்ச் அணையும். ஆறினால் 'டக்' என்று மறுபடி ஒட்டும். பிட்டின் பின்புறம் 7 என்று பொறித்திருந்தால் 700 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 370 டிகிரி செல்சியஸ். சூட்டை மாற்ற பிட்டையே மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் சிப் எதுவும் இல்லாமல் யோசித்த மூளைக்கு ஒரு சலாம் போடலாம்.

இளைஞர் கூச்சத்தோடு பையிலிருந்த கண்ட்ரோலை எடுத்தார். "இதுல வச்சுப் பாக்கலாமா பாய்?"

"அதுக்கென்ன!"

முதலில் மீட்டர் கேட்டு வாங்கினார். ஒரு முனையை மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளிலும் மறுமுனையை பிட்டின் நுனியிலும் வைத்தார். ஓரிரு ஓமுக்குள் காட்டினால் பிட் முறையாக எர்த் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டி12 பெட்டியில் முள் நகரவே இல்லை. மூன்று முள் பிளக் இருந்தும் உள்ளே எர்த் வயர் பிட் வரை போகவில்லை. கசியும் மின்சாரம் நுட்பமான ஐசியைக் கொன்றுவிடும், பிடித்திருக்கும் கையையும் விடாது. 936-இல் சரியாகக் காட்டியது.

அடுத்தது பிட். ஸ்டேஷனோடு வந்தது ஊசி முனை. பார்க்க அழகாக இருக்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கண்ட்ரோல் முதுகுக்கு அது உதவாது. ஊசி முனை எத்தனை டிகிரியில் இருந்தாலும் தொடுகிற இடம் ஒரு புள்ளிதானே! பாய் அகலமான உளி பிட்டை மாட்டிக் கொடுத்தார். இளைஞர் உப்புத்தாளால் கண்ட்ரோலின் முதுகைச் சுரண்டி, பிட்டில் கொஞ்சம் ஈயம் பூசி, படுக்கையாக வைத்தார். டிஸ்ப்ளேயில் 350 கொஞ்சம் இறங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று. ஈயம் தண்ணீர் மாதிரி பரவிப் பளபளத்தது.

விலை படிந்தது. இரண்டு உளி, ஒரு ஊசி, ரோசின் உள்ள ஈயச் சுருள், பிட் துடைக்கப் பித்தளைச் சுருள். "டி12 வாங்கிருந்தா இன்னும் வேகம்தான்," என்றார் பாய் பில் போட்டுக்கொண்டே. "ஆனா ராத்திரி பிட்டு போச்சுன்னா காலையில இந்தத் தெருவுல எந்தக் கடையிலயும் உங்களுக்கு 936 பிட்டு கிடைக்கும். அதைப் பாருங்க."

வால்வ் ஆம்ப்பும் பார்ப்பதாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதன் பெரிய கண்டென்சர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் அயனை உள்ளே விட வேண்டும். "தெரியும் பாய்," என்றார் இளைஞர். "தெரிஞ்சவங்களுக்குத்தான் தம்பி ஷாக் அடிக்குது. வீட்ல கொழந்தைங்க இருந்தா ஜன்னலைத் தொறந்து வச்சுக்குங்க. ஈயம் தொட்ட கையைக் கழுவாம சாப்பிடாதீங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது தெருவில் கூட்டம் இன்னும் ஏறியிருந்தது. கண்ட்ரோலை மேஜையிலேயே மறந்துவிட்டார். பாய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, அடுத்து வருபவருக்குக் காட்டுவதற்காக வெல்லர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.