இலை மூடிக்கொள்ளும் நேரம்

ஜனவரி 20, கர்னால்

மூடுபனி விலகவே பதினொரு மணி ஆகிவிட்டது. இலையெல்லாம் ஈரம், இலைத்துளைகளின் திறப்பை அளக்கும் போரோமீட்டரை வைத்துப் பயனில்லை. அதனால் நுண்ணோக்கி வேலை. நிறமில்லாத நகப்பூச்சை இலைமேல் மெலிதாகத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப்பால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் இலைத்துளைகளின் அச்சு அப்படியே வந்துவிடும். கோதுமையில் அவை நரம்புக்கு இணையாக வரிசை பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காப்புச் செல்கள், இரு முனையும் பருத்து நடுவில் ஒடுங்கியவை. பக்கத்துக்கு ஒரு துணைச் செல். காப்புச் செல் உப்பும்போது துணைச் செல் சுருங்கி இடம் விடுகிறது. புல்லினங்களின் துளைகள் சட்டென்று திறந்து மூடுவது இந்த ஏற்பாட்டினால்தான். இலையின் இருபுறமும் துளைகள் உண்டு, மேற்புறத்தில் அதிகம்.

பிப்ரவரி 9

மேற்கிலிருந்து மழைமேகம். சோதனைக்காக நீர் நிறுத்திய பாத்திகள்மேல் கூடாரத்தைத் தள்ளி மூடினோம். பக்கத்துப் பாத்திகளுக்கு வழக்கமான பாசனம் உண்டு. இரண்டையும் அருகருகே பார்த்தால் பச்சையில் ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. ஆனால் நீராவி வெளியேறும் அளவு குறைந்துவிட்டதைக் கருவி காட்டுகிறது. மண் காயத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் கூடுகிறது. அது காப்புச் செல்லை எட்டினால் பொட்டாசியமும் குளோரைடு போன்ற அயனிகளும் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும். செல் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது. 1911-இல் பிரான்சிஸ் டார்வினும் டோரத்தியா பெர்ட்ஸும் முதல் போரோமீட்டரைச் செய்தார்கள். அது போன்ற கருவி இல்லாமல் இந்த முதல் கட்டத்தைப் பிடிப்பது கடினம்.

பிப்ரவரி 25

கதிர் வெளிவந்துவிட்டது. இனி பெரும்பாலும் கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையின் பொறுப்பு. நண்பகலில் காய்ந்த பாத்தியில் இலைகள் குழலாகச் சுருண்டிருந்தன. வயல் வேலைக்கு வரும் தாவூஜி ஒன்றை விரலால் விரித்துப் பார்த்து, "சாயங்காலம் விரிஞ்சிடும், இன்னும் உயிர் இருக்கு" என்றார். அப்படியே விரிந்தது.

துளை மூடத் தொடங்கும் இந்தக் கட்டத்தை நான் நஷ்டமாக மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிக்கக் கோதுமை சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. துளை பாதி மூடும்போது நீரிழப்பு வேகமாகக் குறைகிறது. ஒளிச்சேர்க்கை அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் வெயில் நிற்காமல் விழுகிறது. பிடிக்கக் கார்பன் போதாதபோது மிஞ்சும் ஒளியாற்றலை இலை வெப்பமாக வெளியே தள்ள வேண்டும், ஒளிச்சுவாசத்திலும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். கிளிப் மாட்டி அரைமணி இருட்டில் வைத்த இலையின் ஒளிர்வை அளந்தேன். நலமான இலைக்கு 0.83-ஐ ஒட்டி வரும் அளவு காய்ந்த இலையிலும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஒளியைப் பிடிக்கும் அமைப்பு இன்னும் கெடவில்லை.

மார்ச் 7

காய்ந்த பாத்திகளில் சிலவற்றுக்கு நீர் விட்டோம். சில இலைகள் மறுநாளே தேறின. நீண்ட நாள் காய்ந்தவை தேறவில்லை. துளை ஓரளவு திறந்தும் ஒளிச்சேர்க்கை எழும்பவில்லை. அவற்றின் பழைய அளவீடுகளைப் புரட்டினேன். துளை மூட மூட முதலில் இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, துளை மேலும் மூடியும் அது கூடத் தொடங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் வாயுவை எடுத்து வேலை செய்ய ஆளில்லை என்று பொருள். கார்பனைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவின் செயல்பாடு தளர்ந்திருக்கலாம், அதற்கு வேண்டிய சர்க்கரைப் பொருளோ ஏடிபியோ போதாமல் போயிருக்கலாம். எது முதலில் தளர்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. நீர் விட வேண்டிய நாள் எது என்று கேட்டால், இந்தத் திருப்பத்துக்கு முந்தைய நாள் என்பேன்.

மார்ச் 16

வெயில் ஏறிவிட்டது. அகச்சிவப்பு வெப்பமானியில் காய்ந்த பாத்தி பல டிகிரி சூடாகத் தெரிகிறது. நீராவி வெளியேறாத இலைக்குக் குளிர்ச்சி ஏது? 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் 2022-இல் வந்தபோது மணி சிறுத்ததும் அந்த மே மாதம் கோதுமை ஏற்றுமதி நிறுத்தப்பட்டதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

அப்படியானால் எந்தச் செடியைத் தேர்வது? துளையைச் சிக்கனமாகத் திறக்கும் செடியில் கார்பன்-13 சற்றுக் கூடுதலாகச் சேரும். அந்த அடையாளத்தை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவில் டிரைஸ்டேல் ரகத்தைத் தேர்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். மண்ணில் சேமித்த ஈரத்தைக் கடைசிவரை நீட்ட வேண்டிய நிலத்துக்கு அது பொருந்தும். ஆனால் மெக்சிகோவின் ஒப்ரகான் வயல்களில் வறட்சியிலும் குளிர்ந்திருக்கும் பயிரே நல்ல விளைச்சல் தந்தது. ஆழத்தில் ஈரம் இருந்தது, அதைத் தொடும் வேரும் இருந்தது. ஆழத்தில் ஈரமுள்ள எங்கள் மண்ணில் நான் வேரின் பக்கம்தான் நிற்பேன். துளையை இறுக மூடும் செடி மார்ச் வெயிலில் வெந்துபோகும்.

இன்று பால் பிடிக்கும் கதிர்களோடு தண்டுகளையும் வெட்டி உலர்த்தினோம். இலை தளர்ந்த பிறகு மணியை நிரப்புவதில் தண்டில் முன்பே சேர்ந்த சர்க்கரைக்குப் பெரும் பங்கு உண்டு. கதிரின் பச்சைக் கூர்களும் கொஞ்சம் சமைக்கும். எந்த வரிசை எவ்வளவு சேர்த்திருக்கிறது என்பது நாளை தராசில் தெரியத் தொடங்கும்.