தார்ப் பாலைவனத்தில் லிஃப்ட் கேட்டுப் போன கதை

போன வாரம் பலோடி வெயிலைப் பற்றி எழுதியிருந்தேன். "அந்த ஊருக்கெல்லாம் எப்படி சார் போனீங்க?" என்று பழைய மாணவர்கள் இருவர் கேட்டார்கள். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

பலோடி, ராஜஸ்தானில் தார்ப் பாலைவனத்து ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஆண்டுதான் நான் ஓய்வு பெற்றேன். புவியியல் வாத்தியாருக்கு வேறென்ன ஆசை இருக்கும்? அடுத்த ஏப்ரலில் கிளம்பிவிட்டேன். ஏப்ரலிலேயே வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது.

பலோடியிலிருந்து ராம்தேவ்ரா, பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் போகவேண்டும். பேருந்து உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும் என்று ஆசை. அதனால் சாலையோரம் நின்று கையைக் காட்டினேன். ராம்தேவ்ரா வரை ஒரு பால் வண்டி. அங்கிருந்து பொக்ரானுக்கு, கோயிலுக்கு வந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் ஜீப். அடுத்து மாட்டுத்தீவனம் ஏற்றிய பிக்கப். அது லாட்டி தாண்டிக் கிராமத்துப் பக்கம் திரும்ப, நான் இறங்கிக்கொண்டேன்.

ஜெய்சால்மர் மாவட்டம் பரப்பில் கிட்டத்தட்டக் கேரளம் அளவு. 2011 கணக்கெடுப்பில் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். நம் தமிழ்நாட்டில் 555 பேர். இந்த எண்களைக் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த 17 எப்படி இருக்கும் என்று அன்று ஒன்றேகால் மணி நேரம் நின்று பார்த்தேன். 'லூ' என்ற அனல்காற்று வீச, தூரத்தில் தார்ச்சாலை தண்ணீர்போல் மினுங்கியது. வண்டி ஒன்றும் வரவில்லை.

நின்றது ஒரு கேஜ்ரி மர நிழலில். அது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான். ராஜஸ்தானின் மாநில மரம். அதன் காயைச் 'சாங்ரி' என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

கடைசியில் ஒரு லாரி நின்றது. ஜெய்சால்மருக்கு மஞ்சள் கல் ஏற்றப் போகும் காலி வண்டி. நான் ஏறி உட்கார்ந்ததும், ஈரச் சாக்கு சுற்றிய கேனிலிருந்து ஓட்டுநர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் முதலாளியும் திட்டுவார், போலீஸும் பிடிக்கும். "அதற்காக இந்த வெயிலில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போக முடியுமா?" என்றார்.

ஆசிரியர் என்று தெரிந்ததும் 'மாஸ்டர்ஜி' ஆகிவிட்டேன். என் அரைகுறை இந்தியில் பேச்சு ஓடியது. பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். நன்றாகப் படிப்பவள். பதினொன்றாம் வகுப்பு உள்ள பள்ளி 18 கிலோமீட்டர் தள்ளி. பள்ளி நேரத்துக்குப் பேருந்து கிடையாது. அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. ஆனால் அந்த வெயிலில் போக வர 36 கிலோமீட்டர் எப்படி மிதிப்பாள்? ஊர்ப் பையன்கள் வருகிற வண்டியில் கை காட்டி ஏறிப் போய்விடுகிறார்கள்.

"இவளை அப்படி அனுப்ப முடியுமா, மாஸ்டர்ஜி?"

அதே சாலையில் எனக்கு நான்கு வண்டிகள் நின்றன. எல்லோருக்கும் வண்டி நிறுத்தும் மனிதர் அவர். அவரே தன் மகளை அந்தச் சாலையில் கை காட்ட விடமாட்டார். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வயதும் நரையும் ஆண் என்பதும் சேர்ந்துதான் எனக்கு லிஃப்ட் கிடைத்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வேண்டியது நல்ல மனிதர்கள் மட்டும் அல்ல, நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து.

நம்மூரில் இலவச பஸ் பாஸை நாம் பெரிதாக நினைப்பதில்லை. அது எத்தனை பெண்களைப் பத்தாவதோடு நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது என்று அந்த லாரியில் உட்கார்ந்து யோசித்தேன்.

"பொக்ரானில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். மனைவியின் அண்ணன் இருந்தார். "அங்கே தங்கிப் படிக்கட்டும், நிறுத்தாதீர்கள்" என்றேன். ஜெய்சால்மரில் இறங்கும்போது நூறு ரூபாய் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். என் போன் நம்பரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

2019 கோடையில் அழைத்தார். மகள் மாமா வீட்டில் தங்கிப் பன்னிரண்டாவது தேறிவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். அவளோடு பத்தாவது முடித்த இன்னும் நான்கு பெண்கள் அதோடு நின்றுவிட்டார்களாம். அவர்களுக்குப் பொக்ரானில் மாமா இல்லை.

பாலைவனம் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். காலை பத்துக்குள் பயணத்தை முடியுங்கள். தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், தலைக்கு ஒரு துண்டு மறக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் காலை நேரப் பேருந்தை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தால் சொல்லி அனுப்புங்கள். மனு எழுதித் தர நான் இருக்கிறேன்.