முதலில் பிரின்டர் வேண்டாம்

வீட்டிலிருந்தே டீசேர்ட் அச்சிட்டு உழைக்க நினைக்கும் சகோதரியே! டி.டி.எப். பிரின்டருக்காக நகையை வட்டிக்கு அடகு வைத்துவிடாதீர்கள். இங்க்ஜெட் பிரின்டருடன் பிலிம், மைகள், ஒட்டுத் தூள், அதை உருக்க ஓவன், துணியில் பதிக்க ஹீட் பிரஸ் எல்லாம் வேண்டும்.

பொல்லாதது வெள்ளை மைதான். அதிலுள்ள டைட்டானியம் டைஒக்சைட் அடியில் படியும். அடிக்கடி கலக்கி அச்சிடாவிட்டால் பிரின்டரின் நுண்துளைகள் அடைத்துவிடும். வாரம் இரண்டு ஓடர் வரும் வீட்டுக்கு இது தாங்குமா? தூள் உருகும் புகையும் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு ஆகாது.

ஹீட் பிரஸ்ஸை மட்டும் வாங்குங்கள். பிலிமைக் கடையில் அச்சிட்டுத் தூளும் உருக்கி எடுத்து, ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் 10 முதல் 15 வினாடி அழுத்துங்கள். சில பிலிமைச் சூட்டோடும், சிலதை ஆறவிட்டும் உரிக்க வேண்டும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஓடர் வந்தால், இன்ஷா அல்லாஹ், பிரின்டரைப் பிறகு பார்க்கலாம்.